சத்தம் பிடிக்காத மேஸ்திரி

எந்தப் பட்டறையிலும் ஸ்பானரைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும். ராஜபாளையத்தில் அவருடைய பட்டறையில் மட்டும் கேட்காது. பெஞ்சு மேல் பழைய லாரி டியூபைக் கிழித்து விரித்து ஆணி அடித்திருப்பார். சுவரில் சாமான் மாட்டுகிற கம்பிகளுக்குக்கூட ரப்பர் உறை. டீ வந்தால் கிளாஸைத் தகரப் பெட்டி மேல் வைக்க விட மாட்டார். கையில் வாங்கி, கையிலேயே வைத்துக் குடித்து, கையிலேயே திருப்பிக் கொடுப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் லாரி வந்தால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, லாரி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். யாராவது அவசரக்காரர்கள் இடையில் நுழைந்து "அப்புறம்?" என்று கேட்டால், ரோட்டைப் பார்த்துக் கையைக் காட்டுவார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரன்மார் இருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் எஞ்சின் மேஸ்திரி. எனக்கும் மேஸ்திரிதான்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிஸ்டன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டுகளைப் படித்துப் படித்தே எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கற்றுக்கொண்டேன். அதைவிட எனக்குப் பிடித்த வேலை ஆட்கள் பேசுவதைக் கேட்பது. யாராவது ஒரு வார்த்தையை நன்றாகச் சொல்லிவிட்டால் நாலு நாளைக்கு அதையே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். மேஸ்திரி வாரத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறிக் கடைக்கு வருவார். பேசுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு இருக்கும்.

தொண்டை கிழியக் கத்துகிற லாரி டிரைவர் ஒருவரைப் பற்றி, "அவன் சைலன்ஸரை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துருக்கான்" என்பார். வீட்டம்மாவைப் பற்றிக் கேட்டால், "லேசா டேப்பெட் சத்தம் உண்டு. நாம கை வைக்கப்படாது, வண்டி நல்லா ஓடுதுல்ல" என்பார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். பாட்டுக்கு உதடு அசையும், குரல் வராது. ஒருநாள் சபை ஐயர் அவரைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படி வாய்க்குள்ளேயே பாடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்ங்கய்யா" என்றாராம்.

சோழபுரத்திலிருந்து ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்த கதை எங்கள் பக்கம் ரொம்பப் பிரபலம். எஞ்சினுக்குள் என்னவோ உருளுகிறது என்று சொல்லி மூன்று பேர் பிரித்து மாட்டியும் சத்தம் போகவில்லை. மேஸ்திரி ஸ்குரூ டிரைவரின் கட்டைப் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் அங்கங்கே ஊன்றிக் கேட்டார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பித்தளைச் செம்பை எடுத்தார். "எஞ்சின் நல்லாருக்கு. செம்புக்குத்தான் ஓவர்ஹாலிங் பண்ணணும்." சோழபுரத்துக்காரர் அதற்குப் பிறகு டிராக்டரில் செம்பு கொண்டுபோனதே இல்லை.

இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போனால் எனக்கும் நன்றாக இருக்கும், படிக்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக உட்கார்ந்து, செம்புக் கதை வரைக்கும் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இந்தத் தரம் மீதியையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து வண்டி வெளியே வருகிற அன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் கூட்டம் கலைந்துவிடாது. எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல்மூடியில் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார்கள். அந்தக் காலத்து ஒரு ரூபாய், பெரிசு. எஞ்சின் ஓட ஓட அது நின்றால் வேலை சுத்தம். விழுந்தால், விழுந்த செய்தி சாயங்காலத்துக்குள் செட்டியார்பட்டி போய்ச் சேர்ந்துவிடும். மேஸ்திரி வேதக்காரராக இருந்தாலும் எலுமிச்சம்பழத்தை அவரே வைப்பார். நாணயத்தையும் அவரேதான் நிறுத்துவார். எனக்குத் தெரிந்து அவர் நிறுத்தி அது விழுந்ததில்லை.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, சாரல் காலம். மில் வீட்டுத் தம்பி ஒருவர் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். அவர்கள் வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று கிடந்தது. இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை, நீண்ட மூக்கு. அதை மெட்ராஸ் பக்கம் நடக்கிற பழைய கார்ப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மேஸ்திரியை "மேஸ்திரிகாரு" என்றுதான் கூப்பிடுவார். பணக்கார வீட்டுப் பிள்ளை என்கிற தோரணை கிடையாது. பட்டறைக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவார். மேஸ்திரிக்கு அதில் ரொம்பச் சந்தோஷம், செருப்புச் சத்தம் இல்லை என்று.

எந்தப் பிஸ்டனைப் போடுவது என்று அவர்கள் முடிவு பண்ணிய அன்று நானும் அங்கே இருந்தேன். பெஞ்சு மேல் இரண்டு செட். ஒன்று என் கடையிலிருந்து கொண்டுபோனது. அச்சில் உருக்கி ஊற்றி வார்த்த பிஸ்டன்கள், டாக்ஸிகளுக்குப் போடுகிற ரகம். இன்னொன்று தம்பி லண்டன் சொந்தக்காரர் மூலம் வரவழைத்தது. அடித்து இறுக்கிச் செய்த பிஸ்டன்கள், நாலும் மெழுகுத் தாளில் சுற்றி வந்திருந்தன. மேஸ்திரி ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டு, சுத்தியல் கட்டையால் லேசாகத் தட்டினார். என் பிஸ்டன் 'தொக்'கென்றது. லண்டன் பிஸ்டன் கோயில் மணி மாதிரி இழுத்தது.

"இது பேசுது தம்பி" என்றார் மேஸ்திரி. "அண்ணாச்சி கடைப் பிஸ்டன் பேசல. பேசாததைப் போட்டுருவோம்."

தம்பி சிரித்துக்கொண்டே, "பேசாதது நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்துல ஒடஞ்சு போகும் மேஸ்திரிகாரு. அப்பப் பேசும்" என்றார்.

மேஸ்திரி லண்டன் பெட்டிக்குள் இருந்த சீட்டை என்னிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் நாலரை தவ் இடம் விட வேண்டும் என்று இருந்தது. தவ் என்றால் ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு, பட்டறைக் கணக்கு. என் கடைப் பிஸ்டனுக்கு இரண்டு தவ் போதும்.

"நாலரையா? அதுக்குள்ள ஒரு ஆளு படுத்து எந்திரிக்கலாமே" என்றார்.

தம்பி பொறுமையாக விளக்கினார். அடித்துச் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகமாக வீங்கும். வீங்குவதற்குத்தான் அந்த இடம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளே ஆடித் தட்டும், அஞ்சு நிமிஷத்தில் சூடேறி அடங்கிவிடும். இடம் விடாவிட்டால், வேகத்தில் வீங்கிச் சுவரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மேஸ்திரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவருக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாகப் புரிந்தது. "ஓட்டுறது நீங்க. ஒங்க பிஸ்டனே போட்டுருவோம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்த்த வேலையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நாலு பிஸ்டனும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளி நிறுக்கிற ஆசாரியிடம் கொண்டுபோனோம். ஆசாரி தராசுத் தட்டில் பிஸ்டனை வைத்துவிட்டு, "யாருக்கு மேஸ்திரி இந்தக் கொலுசு?" என்று கேட்டார். "காருக்கு. சத்தம் போடாத கொலுசு" என்றார் இவர். கனமாக இருந்ததை உள்பக்கமாகச் சுரண்டிச் சுரண்டி மூன்று நாள் அலைந்தார். சிலிண்டரைக் கடைந்து முடித்ததும் இடைவெளியில் அளவுத் தகட்டை நானே விட்டுப் பார்த்தேன். நாலரை தவ். மயிரிழை பிசகில்லை.

வண்டி வெளியே வந்த அன்று பட்டறை வாசலில் முப்பது பேருக்குக் குறையாது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. தம்பி ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் கொட்டியது. வீட்டுக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி 'டக் டக் டக்'. மேஸ்திரி நாணயத்தை நிறுத்தினார், விழுந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழுந்து உருண்டு ஒருவர் காலடிக்குப் போனது.

கூட்டத்தில் நின்ற லாரி டிரைவர், அதே சைலன்ஸர் இல்லாதவர், "என்ன மேஸ்திரி, சீமையிலேர்ந்து பிஸ்டன் வந்துச்சா, கொட்டுமேளம் வந்துச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். அவர் சொன்னவிதம் அப்படி.

அஞ்சு நிமிஷம் பொறுங்கள் என்று தம்பி கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் பொறுக்கவில்லை, கலைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தம்பி சொன்னபடியே சத்தம் அடங்கி, எஞ்சின் பட்டுப் போல ஓடியது. மேஸ்திரி நாணயத்தை எடுத்து நிறுத்தினார். நின்றது. பார்க்க நானும் தம்பியும் மட்டும்தான் இருந்தோம். அவர் நாணயத்தைப் பார்க்கவில்லை, வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆயில் மாற்ற வேண்டும், இரண்டு நாள் வண்டி இருக்கட்டும் என்று தம்பியை அனுப்பிவிட்டார். மறுநாள் எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார், அந்தக் காருக்கு ஒரு ஹெட் கேஸ்கட் வேண்டும் என்று. எஞ்சினின் தலையைத் திறந்தால் அந்தத் தகட்டைப் புதிதாகப் போட வேண்டும். அந்தக் காருக்குக் கடையில் கிடைக்காது என்பதால் நான் மதுரையில் மாதிரி கொடுத்து ஆறு செய்து வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆயில் மாற்ற கேஸ்கட் எதற்கு என்று பஸ்ஸிலேயே தோன்றியது.

லேத்தில் லண்டன் பிஸ்டன் சுழன்றுகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் பல் வைத்த உருளையை அழுத்திக் கோடு ஏற்றிக்கொண்டிருந்தார். நர்லிங் என்போம். தேய்ந்த பிஸ்டனுக்குச் செய்கிற வைத்தியம். கோடு ஏறின இடம் மேடு தட்டும், பிஸ்டன் அந்த அளவுக்குப் பருத்துவிடும், இடைவெளி குறையும். பழைய டாக்ஸிகளுக்கு எல்லோரும் செய்கிறதுதான். சூட்டில் வீங்குகிற புதுப் பிஸ்டனுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். மூன்று முடிந்து பெஞ்சில் இருந்தன, அன்னாசிப் பழத்தோல் மாதிரி.

"எவ்வளவு இடம் வச்சிருக்கீய?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

"தம்பிக்குத் தெரியுமா?"

லேத்தை நிறுத்தினார். சத்தம் முழுக்க அடங்குகிற வரைக்கும் இருந்துவிட்டு, "சத்தம் இல்லாட்டி யாரு கேக்கப் போறா?" என்றார்.

எவ்வளவு அழகான வார்த்தை என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். எதைப் பற்றிச் சொன்னார் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மறுபடியும் கூட்டத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். எஞ்சின் எடுத்த எடுப்பிலேயே மூச்சுக் காட்டாமல் ஓடியது. நாணயம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லாரி டிரைவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார். தம்பி மட்டும் குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஆச்சரியமாக நிமிர்ந்து, "எப்படி மேஸ்திரிகாரு?" என்றார். மேஸ்திரி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். தம்பி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஊருக்குள். பந்தயத்துக்குப் போவதற்கு முன்னால் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் தம்பி சேத்தூர் தாண்டித் தேவதானம் பக்கம் நேர் ரோட்டில் விட்டிருக்கிறார். கார் சறுக்கிப் போய்ப் புளியமரத்தில் மோதியது. அங்கே நின்ற எருமை ஒன்றும் அடிபட்டுச் செத்தது. தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, அங்கேயே போய்விட்டார்.

எருமை தேவதானத்துப் பால்காரர் ஒருவருடையது. சைக்கிளில் கேன் கட்டி ராஜபாளையம் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் அன்றைக்கே சொன்னார்: எருமை ரோட்டுக்கு வரவில்லை, ஓரத்தில்தான் நின்றது. கார் தூரத்தில் வரும்போதே ஒரு சத்தம் கேட்டது, பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, ரோட்டில் கறுப்பாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எருமை குறுக்கே வந்தது, பிள்ளை போய்விட்டது, அவ்வளவுதான் பேச்சு. மில் வீட்டில் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஊர்தான் செய்தது. அவர் சைக்கிளுக்கு எமன் வண்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. டீக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்குச் செய்தி வந்தபோது கடையில் இருந்தேன். பால்காரர் சொன்ன கறுப்புக் கோட்டையும் சேர்த்தே சொன்னார்கள். ஓடுகிற வண்டியின் எஞ்சின் சட்டென்று கவ்வி நின்றால் பின்சக்கரம் அப்படித்தான் இழுபடும்.

நொறுங்கின காரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மில் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அது மேஸ்திரியின் பட்டறை மூலைக்கு வந்தது. தார்ப்பாய் போட்டு மூடினார். அதைத் தொடவே இல்லை என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஆனால் மறு மாதம் அவர் கடைக்கு வந்து கவுண்டர் முன்னால் நின்றார். வேறு சாமான் எதுவும் கேட்கவில்லை. "அந்த வண்டிக் கேஸ்கட் ஒண்ணு" என்றார். திறந்து பார்த்துவிட்டு மூடுகிறவருக்குத்தான் அது தேவைப்படும். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் வந்து ஒன்று வாங்கினார், அதற்கடுத்த வருஷமும். ஆறும் தீர்ந்ததும் மதுரையில் மறுபடி செய்து வாங்கி வைத்தேன். ஒரு தரம்கூட எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய வேலை மாறிவிட்டது. எந்த எஞ்சின் வந்தாலும் இடத்தைத் தாராளமாக விட ஆரம்பித்தார். இரண்டு தவ் போதும் என்ற இடத்தில் நாலு, நாலு என்ற இடத்தில் ஆறு. ராஜபாளையத்தில் காலையில் பால் வாங்கப் போகிற நேரத்துக்குத் தெருவில் நின்றால் கேட்கும். ஒரு வீட்டு வாசலில் 'டக் டக் டக்'. அடுத்த தெருவில் இன்னொன்று. டாக்ஸி ஸ்டாண்டில் நாலைந்து சேர்ந்து. அஞ்சு நிமிஷம் ஊரே கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக அடங்கும். "மேஸ்திரி வண்டி எந்திரிச்சிருச்சு" என்று கேலி பேசுவார்கள். நாணயம் நிறுத்துகிற பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஆட்கள் வேறு பட்டறைகளுக்குப் போனார்கள். போகிறவர்களை அவர் தடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருக்கும்போது பால்காரர் வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கேன் கட்டியிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவர் கோபமாக வரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, என் மவளைப் பேசி வச்சிருந்த எடத்துல வேண்டாம்னுட்டாவ. எமன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்ங்காவ. வண்டி முன்னாடியே நின்னு போச்சுன்னு நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கான். நீங்க செஞ்ச எஞ்சினு. தொறந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் மேல தப்புன்னாலும் சரி, அதையாச்சும் சொல்லுங்க."

மேஸ்திரி கையில் ஒரு வால்வு இருந்தது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ரோட்டில் லாரி ஒன்றும் வரவில்லை. பால்காரர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார், கடைக்காரர் ஏதாவது எடுத்துச் சொல்வார் என்கிற மாதிரி. நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.

அவர் போனதும், "சொல்லிருவோமா மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் துடைத்த வால்வை டியூப் மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து, வெள்ளைச் சட்டையோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தேவதானத்துக்குப் பஸ் ஏறினார். பால்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார். இரண்டு லிட்டர் எருமைப் பால் வாங்கிக்கொண்டு திரும்புவார். அவர் வீட்டில் யாருக்கும் எருமைப் பால் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும். அவர் வீட்டம்மா பக்கத்து வீடுகளுக்கு ஊற்றிவிடுவார்கள். "எதுக்கு இம்புட்டுத் தூரம் போயி வாங்கியாறீயன்னு கேட்டா பேச்சே இல்ல, அண்ணாச்சி. அவியளுக்கு என்னமோ பிடிச்சிருக்கு" என்று என்னிடம் அழுதார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

பத்து வருஷம் போல அவர் அப்படிப் போய் வந்தார். தொண்ணூற்றெட்டு வாக்கில் நெஞ்சுவலி வந்து, இரண்டு நாள் படுத்து, போய்விட்டார். அடக்கத்துக்குப் பால்காரரும் வந்திருந்தார். ஓரமாக நின்றவரிடம் போய், மேஸ்திரி உங்களை மறக்கவில்லை, வாராவாரம் வந்தாரே என்று ஆறுதல் மாதிரி எதையோ சொன்னேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "ஒரு வார்த்தை கேட்டேன். பாலு வாங்குனாரு."

எத்தனையோ பேருடைய வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

பட்டறையைக் காலி பண்ணும்போது சாமான்களுக்கு விலை சொல்ல வேண்டும் என்று வீட்டம்மா என்னைக் கூப்பிட்டார்கள். தார்ப்பாயை எடுத்தேன். அந்த எஞ்சினை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். பத்து வருஷம் கிடந்த எஞ்சினின் நட்டுகள் லேசில் இளகாது. இவை விரலுக்கே இளகின. உள்ளே துருவின் வாடைகூட இல்லை, புது ஆயில் பூசியிருந்தது. முதல் பிஸ்டன், இரண்டாவது பிஸ்டன், சரி. மூன்றாவதில் அவர் ஏற்றின கோடுகள் ஒரு பக்கம் முழுக்க மழுங்கி, உருகி இழுபட்டு, சிலிண்டர் சுவரில் ஈயம் பூசினது போல அப்பியிருந்தது. நின்ற இடம் அதுதான். அவர் ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் திறந்து பார்த்திருக்கிறார். அதற்கு நான்தான் கேஸ்கட் கொடுத்திருக்கிறேன்.

மில் வீட்டார் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். நான் அந்தப் பிஸ்டனைத் துணியில் சுற்றிக்கொண்டு தேவதானத்துக்குப் பஸ் ஏறினேன். பால்காரர் நரைத்துப் போயிருந்தார், மாடு கன்று எதுவும் இல்லை. அந்த மகளுக்கு ரொம்பத் தள்ளிச் சாத்தூர்ப் பக்கம் கல்யாணம் ஆகியிருந்தது. பிஸ்டனைக் கையில் கொடுத்துச் சொன்னேன். உருகின இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"இதை டீக்கடையில வந்து சொல்லுவீயளா?" என்றார்.

போய்ச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எருமை குறுக்கே வரவில்லை, எஞ்சின்தான் கவ்வி நின்றது, இவர் முதல் நாளிலிருந்து சொன்னதுதான் உண்மை என்று சொல்லிப் பிஸ்டனைக் காட்டினேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வயசான ஒருவர் எழுந்து வந்து பால்காரரின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். சின்ன வயசுக்காரர்களுக்கு எந்தக் கார், எந்தத் தம்பி என்றே தெரியவில்லை. பிஸ்டனைக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பால்காரர் கூட வந்தார். பிஸ்டனை அவர்தான் பிடித்திருந்தார்.

"மேஸ்திரிக்கு இது எப்பத் தெரியும் அண்ணாச்சி?"

"மறு மாசமே. தொறந்து பாத்துட்டாரு."

தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தோம். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"ஒங்களுக்கு?"

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்து, மறுபடி பிரித்து, மடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"செய்தி வந்த அன்னைக்கே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிஸ்டனை என் கையில் இருந்த துணியின் மேல் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.